மொட்டைமாடி வழக்கும் அதில் நான் கற்ற கோர்ட்டு வார்த்தைகளும்

உரிமைக்குப் பாதகமின்றி

லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா – 45.
17.3.2025, திங்கட்கிழமை

சௌபாக்கியவதி பிரியம்வதாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் சௌக்கியம், வலது முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அக்ஷயும் நனையாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெர்கனில் வருஷத்தில் பாதிக்கு மேல் மழை என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் வீட்டுத் துணி எப்படிக் காய்கிறது என்பதே எனக்குக் கவலை. கடிதத்தின் தலையில் இருப்பதைப் பார்த்து மிரளாதே. அது கோர்ட்டு வார்த்தை. சமரசம் பேசும்போது எழுதுகிற காகிதத்தில் அதைப் போட்டுவிட்டால், உள்ளே இருக்கும் வார்த்தையை எடுத்து நாளைக்கு நம் தலையிலேயே அடிக்க முடியாதாம். பெண்ணுக்கு எழுதும் கடிதத்துக்கெல்லாம் அது செல்லாது மாமி என்று வக்கீல் சுப்ரியா சிரித்தாள். செல்லாவிட்டால் போகட்டும், பிள்ளையார் சுழிக்குப் பக்கத்தில் அதுவும் ஒன்று இருக்கட்டும் என்று போட்டுவிட்டேன். உன் அப்பா எழுதிய ஒரே ஒரு கடிதம் என்னை என்ன பாடு படுத்தியது என்று படித்தால் நீயும் சரி என்பாய்.

முதலில் முக்கியமான விஷயம். மேல் வீட்டு ஷெஃபாலிக்கு போன் செய்யாதே, மெசேஜ் அனுப்பாதே, நன்றி என்ற வார்த்தையே வேண்டாம் என்று உன் அண்ணா கிரிதர் உன்னிடம் சொன்னான் அல்லவா. நீ கோபித்துக்கொண்டு, ஜெயித்த பிறகும் அம்மாவுக்கு என்னடா வீம்பு என்று கேட்டாயாம். வீம்பு இல்லை, சட்டம். ஏன் என்று போனில் சொல்லலாம் என்றால் வழக்கைப் பற்றி வாட்ஸப்பில் மூச்சு விடக்கூடாது என்று சுப்ரியா உத்தரவு. அதோடு நான் ஸ்டேட்டஸ் கோ, ஈஸ்மென்ட் என்று ஆரம்பித்தாலே, அம்மா ஒண்ணும் புரியலைம்மா என்று நீ போனை அக்ஷயிடம் கொடுத்துவிடுகிறாய், அவன் ஜன்னல் வழியாகப் பனியைக் காட்டுகிறான். எனக்கும்தான் ஒன்றும் புரியவில்லை, ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தானே. நாலு வருஷம் ஆலிப்பூர் கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுப் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் எழுதிவைத்துக் கற்றேன். அதையெல்லாம் உனக்கு வரிசையாக எழுதிவிடுகிறேன், நிதானமாகப் படி.

நாம் இந்த வீட்டின் முதல் மாடியை முகர்ஜியிடம் வாங்கியது 1986 ஜூன் மாதம். உனக்கு எட்டு வயசு, வந்த அன்றே கேட்டில் முழங்கையைக் கிழித்துக்கொண்டாய். இரண்டாம் மாடியில் முகர்ஜியும் அவர் மனைவி ஷெஃபாலியும் பிள்ளை தேபாஷிஷும். அதற்கு மேல் மொட்டைமாடி. பத்திரத்தில் படிக்கட்டு உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு, மீட்டர் பெட்டி உண்டு, வாசல் கேட் கூட உண்டு. மொட்டைமாடி என்ற வார்த்தை மட்டும் இல்லை. உன் அப்பா கவனித்தார், ஆனால் கேட்கக் கூச்சப்பட்டார். வீட்டையே கொடுக்கிற மனுஷரிடம் மாடியையும் எழுது என்றால் நன்றாயிருக்காது என்றார். அவருக்கு நன்றாயிருக்கவேண்டியது ஒன்றுதான் முக்கியம். நான் எதையும் கேட்கவில்லை, முதல் வாரமே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போய்க் கொடி கட்டினேன். அன்றிலிருந்து தினமும் துணி, மாசி பங்குனியில் வடாம், சித்திரையில் மாவடு ஜாடி. நீ பி.ஏ. பரீட்சைக்குப் படித்ததும் அங்கேதான், படித்தாய் என்று நம்பினேன்.

2021 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஜவ்வரிசிக் கூழைக் கிளறி எடுத்துக்கொண்டு மேலே போகிறேன், மாடிக் கதவில் பூட்டு. தேபாஷிஷ் புனேயிலிருந்து வந்தவன், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, மாடியில் கண்ணாடி ரூம் கட்டி அதில் ஓடுகிற மிஷினை வைத்து ஓடப்போகிறானாம். லேக் பக்கத்தில் இருக்கிறது, ஊரே அங்கே ஓடுகிறது, இவனுக்கு மட்டும் என் வடாம் காய்கிற இடத்தில் ஓடவேண்டும். மாஷிமா, மாடி உங்க பத்திரத்திலேயே இல்லையே, இத்தனை நாள் நாங்க அனுமதிச்சோம், இனிமே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சிறு வயசில் என் கையால் எத்தனை தோசை தின்றிருப்பான் என்று எனக்குக் கணக்கே உண்டு, ஆனால் அதைக் கோர்ட்டில் சொல்ல விடவில்லை. அன்றைக்கு அந்தக் கூழ் என்ன ஆயிற்று என்று கேட்காதே.

கிரிதர் ஓடி வந்தான். சமாதானமாகத்தான் வந்தான், ஆனால் மனசில் வேறு திட்டம். அம்மா, எதுக்கு இந்த வம்பு, இதை வித்துட்டு சால்ட் லேக்குக்கு வந்துடு, பன்னிரண்டாவது மாடி, துணி காயவைக்க மிஷின் இருக்கு என்றான். பால்கனியில் துணி தொங்கினால் சொசைட்டியிலிருந்து நோட்டீஸ் வருகிற வீடு அது. நான் அவனிடம் சொன்னேன், கேஸ் போடுகிறேன், தோற்றால் மறுநாளே வீட்டை விற்றுவிட்டு உன் பன்னிரண்டாவது மாடியில் வந்து பொம்மை மாதிரி உட்காருகிறேன், ஜெயித்தால் என்னைக் கடைசி வரைக்கும் இந்தத் தெருவைவிட்டுக் கிளப்பக்கூடாது என்று. சரி என்று கைகொடுத்தான். என் வயசையும் கோர்ட்டின் வேகத்தையும் மனசில் வைத்துத்தான் அவ்வளவு சந்தோஷமாகக் கைகொடுத்தான் என்று எனக்குத் தெரியாதா. ஆக, பூட்டு மாடிக்கு மட்டும் போட்டதில்லை, இந்த வீட்டில் நான் இருப்பதற்கே போட்டது.

லேக் மார்க்கெட் சுந்தரேசனின் பெண் சுப்ரியாதான் வக்கீல். தமிழைப் பெங்காலி மாதிரி பேசுகிறாள், ஆனால் கெட்டிக்காரி. வழக்கைப் போடுகிறவள் வாதி, அது நான். போடப்பட்டவர்கள் பிரதிவாதி, வீடு அம்மா பிள்ளை இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் ஷெஃபாலி ஒன்று, தேபாஷிஷ் இரண்டு. அஃபிடவிட் என்றால் நடந்ததைச் சத்தியம் செய்து எழுத்தில் கொடுப்பது. சொல்லுங்கோ மாமி, ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கோ என்று சுப்ரியா கேட்டது அவள் தப்பு. மூன்று சாயங்காலம் சொன்னேன், நாற்பத்திரண்டு பக்கம் வந்தது. அவள் அதை வெட்டி நாலு பக்கமாக்கினாள். 1991-ல் முகர்ஜி வீட்டுக் கல்யாணத்தில் நம்மைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தது, 1996-ல் நம் குழாயை இரண்டு நாள் மூடியது, எல்லாம் போயிற்று. அவை ரெலவன்ட் இல்லையாம். ரெலவன்ட் என்றால் வழக்குக்கு ஒட்டியது. என் மனசுக்கு ஒட்டியது வேறு, கோர்ட்டுக்கு ஒட்டியது வேறு என்று அன்றைக்குத் தெரிந்தது.

முதலில் ஸ்டேட்டஸ் கோ என்று ஓர் உத்தரவு வந்தது. சுப்ரியா வெளியே வருவதற்கு முன்னாலேயே பக்கத்து பெஞ்சுக்காரர், உங்க கேஸ்ல ஆர்டர் ஆயிடுச்சு மாஷிமா என்றார். ஆர்டர் என்றால் நமக்குத்தான் என்று நான் அங்கேயே சந்தேஷ் ஸ்வீட் ஒரு பெட்டி வாங்கி அந்த வராந்தாவில் இருந்த பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டேன். தேபாஷிஷும் ஒன்று எடுத்துக்கொண்டான், எதற்குச் சிரிக்கிறான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஸ்டேட்டஸ் கோ என்றால் தீர்ப்பு வரை எல்லாம் இன்றைக்கு இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று அர்த்தம். இன்றைக்கு இருக்கிறது பூட்டு. ஆகவே பூட்டு இருக்கட்டும். அவனும் கண்ணாடி ரூம் கட்டக்கூடாது, அது ஒன்றுதான் லாபம். அந்த சந்தேஷ் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது.

இனிமேல் சொல்வதுதான் வழக்கின் உயிர், ஆகவே அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கிவைத்துவிட்டு வந்து படி. இன்னொருவருக்குச் சொந்தமான இடத்தை நாம் அனுபவிப்பது இரண்டு விதம். ஒன்று லைசென்ஸ். அவர்கள் சரி என்று சொல்லி நாம் அனுபவிப்பது. எத்தனை வருஷம் அனுபவித்தாலும் நாளைக்கே வேண்டாம் என்றால் இறங்கி வரவேண்டியதுதான். மற்றொன்று ஈஸ்மென்ட். யாரையும் கேட்காமல், யாருக்கும் ஒளிக்காமல், அடிதடி இல்லாமல், இடையில் நிறுத்தாமல், இது என் பாத்தியம் என்ற நினைப்போடு இருபது வருஷம் அனுபவித்தால் அது நம் உரிமையாகிவிடும். இடம் அவர்களுடையதே, ஆனால் நம்மைத் தடுக்க முடியாது. கேட்டுச் செய்தால் தோற்போம், கேட்காமல் செய்தால் ஜெயிப்போம். என்ன நியாயம் இது, மரியாதை தெரிந்தவனுக்கு ஒன்றுமில்லை, தெரியாதவனுக்கு மாடியா என்று நான் சுப்ரியாவிடம் கேட்டேன். அவள், மாமி, நீங்க யாரையாவது எதையாவது பர்மிஷன் கேட்டதுண்டா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், இல்லை. அப்ப கவலையே இல்லை என்றாள்.

கவலை உன் அப்பா உருவத்தில் வந்தது. எதிர்க்கட்சி வக்கீல் ஒரு காகிதத்தை எக்ஸிபிட் என்று தாக்கல் செய்தார். எக்ஸிபிட் என்றால் அத்தாட்சியாகக் கோர்ட்டில் காட்டி நம்பர் போட்டு வைக்கும் பொருள். பார்த்தால், அப்பா 1994 ஏப்ரலில் முகர்ஜிக்கு எழுதிய கடிதம். முகர்ஜி நாற்பது வருஷம் கிளார்க் வேலை பார்த்ததில் எல்லாக் காகிதத்தையும் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறார். அதில் நம் அப்பா முத்து முத்தாக இங்கிலீஷில், என் மனைவி வெயில் காலத்தில் தங்கள் மாடியைத் தொடர்ந்து உபயோகிக்கத் தாங்கள் கருணை கூர்ந்து அனுமதிக்கும்படி மிகவும் பணிவோடு வேண்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யார் கேட்டது இவரை? எட்டு வருஷமாக நான் சும்மா போய் வந்துகொண்டிருக்கிறேன், இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கருணையை வேண்டியிருக்கிறார். சர்க்கார் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவருக்குக் கை பேனாவைத் தொட்டாலே கைண்ட்லி பெர்மிட் என்றுதான் எழுதும். டூர் போன இடத்திலிருந்து எனக்கு எழுதிய கடிதத்திலேயே, வியாழக்கிழமை ரயிலில் திரும்ப அனுமதிக்க வேண்டுகிறேன் என்று எழுதியவர். அந்த வருஷம் அவர் திவசத்தன்று சாஸ்திரத்துக்கு உள்ளது மட்டும்தான் சமைத்தேன், அவருக்குப் பிடித்த திரட்டுப்பால் கிளறவில்லை. போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமானாலும் தப்பு தப்புதான்.

பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நாம் சொல்வதை எதிர்க்கட்சி வக்கீல் கேள்வி கேட்டு உருவிப் பார்ப்பது குறுக்கு விசாரணை. அவர் ரொம்பத் தேன் குரல். இந்தக் கையெழுத்து உங்கள் வீட்டுக்காரருடையதா என்று பார்த்துச் சொல்லுங்கள் மாஷிமா, வயசாகிவிட்டது, ஞாபகம் இல்லாவிட்டால் ஞாபகமில்லை என்று சொன்னால் போதும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்றார். அவர் என்னைக் குழியில் தள்ளப் பார்த்தாரா, தூக்கிவிடப் பார்த்தாரா என்று தெரியவில்லை. ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் காகிதத்தைப் பிறகு அவர்கள்தான் நிரூபிக்கவேண்டும், சாட்சிக்கு முகர்ஜியும் இல்லை, அப்பாவும் இல்லை. இந்த வீடு அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. சுப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், கிரிதர் பின் வரிசையில் தரையைப் பார்க்கிறான். ஆனால் பிரியம்வதா, ஞாபகமில்லை என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது. சத்தியம் செய்தது ஒரு பக்கம். எழுபத்தொன்பது வயசில் அந்த மனுஷர் கையெழுத்து எனக்குத் தெரியவில்லை என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டு நான் எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவேன்? அவருடையதுதான், ஜி என்ற எழுத்தின் வாலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். தேன் குரல், தட்ஸ் ஆல் என்று உட்கார்ந்துவிட்டார். கிரிதர் அன்றைக்குக் காரில் வரும்போது சால்ட் லேக் வீட்டில் எனக்கு எந்த ரூம் என்று மெதுவாகப் பேச ஆரம்பித்தான். நானும் ராத்திரி பீரோவைத் திறந்து எதை எடுத்துப் போவது, எதைக் கொடுத்துவிடுவது என்று பார்த்தேன், உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

சுப்ரியா மட்டும் விடவில்லை. 1994-ல கேட்டது சரி மாமி, அதுக்கப்புறம் எப்பவாவது அவங்க சரின்னு சொன்னாங்களா, எப்பலேருந்து பேச்சு இல்லை என்று கேட்டாள். அதற்கு நான் காலண்டர் பார்க்கவேண்டுமா? 1998 மார்ச் இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. ஷெஃபாலியின் பூனை என் வடாத்தின் மேல் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்து போயிற்று. இது என்ன அநியாயம் என்று நான் கேட்டதற்கு அவள், என் பூனை இந்தப் பசையைத் தின்னாது, கவலைப்படாதே என்றாள். பசை என்றாள், பிரியம்வதா. சுவரொட்டி ஒட்டுகிற பசை. அன்றோடு சரி. அதற்கப்புறம் நான் மாடிக்குப் போகாமல் இருக்கவில்லை, முன்னைவிட இரண்டு தடவை கூடவே போனேன், அவள் வாசலைத் தாண்டும்போது பக்கெட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். பேச்சு மட்டும் கிடையாது. அந்தத் தேதியை நான் சொன்னதும் சுப்ரியா விரல் விட்டு எண்ணினாள். பூட்டுப் போட்டது 2021. இருபத்து மூன்று வருஷம். மாமி, உங்க சண்டைதான் நம்ம கேஸ் என்று குதித்தாள். பேச்சே இல்லாதவள் எப்படி அனுமதி கொடுத்திருப்பாள்? ஆனால் அதை நான் சொன்னால் மட்டும் போதாதாம், சொந்த வழக்கில் என் வார்த்தை ஒற்றைக்கால் வார்த்தை.

போன நவம்பர் பன்னிரண்டாம் தேதி தேபாஷிஷ் தன் அம்மாவைச் சாட்சிக்குக் கூட்டிவந்தான். நாங்கள் வருஷா வருஷம் பெரிய மனசோடு அனுமதி கொடுத்தோம் என்று அவள் சொன்னால் முடிந்தது. எண்பத்தொரு வயசு, வெள்ளைப் புடவையில் கஞ்சி போட்டுக்கொண்டு வந்து கூண்டில் நின்றாள், என் பக்கம் திரும்பவில்லை. சுப்ரியா எழுந்து ரொம்ப மரியாதையாக, தாக்குமா என்று பெங்காலியில் பாட்டி முறை சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள் என் கட்சிக்காரருக்கு மாடிக்குப் போக அனுமதி கொடுத்தீர்களா என்று கேட்டாள். ஷெஃபாலி குரலை உயர்த்தினாள் பார். அனுமதியா, நானா, இவளுக்கா என்றாள். பூட்டுப் போட்ட நாள் வரைக்கும் இருபத்து மூன்று வருஷம் இவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, இதில் அனுமதி வேறா என்றாள். தினமும் காலையில் என் கண் முன்னாலேயே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடி தன் மாமனார் வீட்டுச் சொத்து மாதிரி போவாள் என்றாள். ஒளித்துப் போனாளா என்றால், இவளா, இவள் கொலுசு சத்தமே தெருவுக்குக் கேட்கும் என்றாள். நடுவில் எப்போதாவது நிறுத்தினாளா என்று கேட்டதற்கு, புயல் அடித்த அன்றைக்குக்கூட மேலே வந்து கொடியை முடிந்துவிட்டுப் போனவள் என்றாள். தேன் குரல் தண்ணீர் குடித்தார். பிறகு எழுந்து, ஹுஜூர், இவ்வளவு விரோதம் இருந்ததால் இது அமைதியான அனுபவம் ஆகாது என்று ஒரு போடு போட்டார். அந்த ஜட்ஜுக்கு ஜலதோஷம், கைக்குட்டையை எடுத்துவிட்டு, இருபத்து மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறார்கள், இதைவிட அமைதி என் வீட்டில்கூட இல்லை என்றார். கோர்ட்டே சிரித்தது. தேபாஷிஷ் மட்டும், மா, என்னம்மா பண்றே என்று அங்கிருந்தே பல்லைக் கடித்தான். கூப்பிட்டவர்களுக்கே எதிராகச் சொல்கிற சாட்சிக்கு ஹோஸ்டைல் என்று பெயர். ஷெஃபாலி எனக்குத்தான் ஹோஸ்டைல் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வராந்தாவில் வந்ததும் நான் சுப்ரியாவிடம், பார்த்தாயா, கோபத்தில் உளறி எல்லாவற்றையும் நமக்குச் சாதகமாகக் கொட்டிவிட்டாள் என்றேன். சுப்ரியா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மாமி, நாற்பது வருஷம் பெஞ்ச் கிளார்க்கோட சம்சாரம், ராத்திரி சாப்பாட்டில தினமும் கோர்ட்டுக் கதை கேட்டவங்க, அனுமதின்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாதா, நான் கேட்க நினைச்ச நாலையும் வரிசை மாறாமல் சொல்லிட்டுப் போறாங்க என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் நம் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் வேலை செய்கிற பூர்ணிமாதான் மிச்சத்தைச் சொன்னாள். மாடிச் சாவி தேபாஷிஷ் பையில்தானாம். ஷெஃபாலி மாடியில் இருக்கும் துளசிக்குத் தண்ணீர் விடவேண்டுமென்றால் பிள்ளை போன் பேசி முடிக்கும் வரை நின்று சாவி கேட்கவேண்டுமாம். புருஷன் கட்டிய வீட்டில் நாலு வருஷம் இப்படி நின்றிருக்கிறாள். நான் கீழே நின்றேன், அவள் மேலே நின்றாள், பூட்டு ஒன்றுதான். இதைக் கேட்டு நான் இளகிவிட்டேன் என்று நினைக்காதே, அந்தப் பசை விஷயம் வேறு ஃபைல்.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி டிக்ரி ஆயிற்று. டிக்ரி என்றால் தீர்ப்பின்படி யாருக்கு என்ன என்று முத்திரை குத்திச் சொல்வது. மாடிக்குப் போய்வர, துணியும் தின்பண்டமும் காயவைக்க எனக்கு உரிமை, ஒரு சாவி என் கையில், தடுக்கக்கூடாது, கண்ணாடி ரூமும் கூடாது. கிரிதர் கொடுத்த வாக்கை நினைவுபடுத்தினேன், ஆமாம்மா ஆமாம் என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது, ஏன் என்று உன் மன்னியைக் கேட்டால் தெரியும். ஆனால் இன்னும் முடியவில்லை. அப்பீல் என்று ஒன்று இருக்கிறது, தோற்றவர் மேல் கோர்ட்டுக்குப் போவது, அதற்கு முப்பது நாள். அங்கே போய் நமக்குத் தெரியாமல் தடை வாங்கிவிடாமல் இருக்கச் சுப்ரியா ஒரு கேவியட் போட்டிருக்கிறாள். கேவியட் என்றால், என்னைக் கூப்பிட்டுக் கேட்காமல் எதுவும் செய்துவிடாதே என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. உன் கல்யாணத்தில் உன் மாமியார் பட்சண விஷயத்தில் செய்தது அதுதான், நமக்கு அன்றைக்குப் பெயர் தெரியவில்லை. சுப்ரியாவின் அடுத்த கட்டளைதான் நான் முதலில் சொன்னது. இந்த முப்பது நாளில் நானோ நீங்களோ ஷெஃபாலியிடம் போய், நீங்கள் மனசு வைத்ததால்தான் மாடி கிடைத்தது, ரொம்ப உபகாரம் என்று வாயைத் திறந்தால், பார்த்தீர்களா, அம்மா பெரிய மனசு பண்ணி விட்டார்கள், இரண்டு கிழவிகளும் பேசிவைத்துக்கொண்டு சாட்சி சொல்லியிருக்கிறார்கள் என்று தேபாஷிஷ் மேல் கோர்ட்டில் நிற்பான். ஆகவே பழையபடியே பேசாமல் இருங்கோ மாமி, உங்களுக்குப் பழக்கம்தானே என்றாள். பழக்கம்தான். ஆனால் வாய் வரைக்கும் வார்த்தை வந்து நிற்கும்போது பேசாமலிருப்பது இவ்வளவு கஷ்டம் என்று இருபத்தேழு வருஷத்தில் எனக்குத் தெரியவில்லை.

நேற்றைக்கு நடந்ததையும் எழுதிவிட்டு முடிக்கிறேன். இந்த வருஷத்து முதல் ஈடு, அரிசி வடாம், அப்பாவின் எட்டு முழ வேஷ்டியை விரித்து எட்டு வரிசை பிழிந்திருந்தேன். ஷெஃபாலி துளசிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு மூங்கில் மோடாவைப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நானும் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். காக்கை வந்தால் அவள் பனை விசிறியைத் தரையில் அடிப்பாள், காக்கைக்குத்தான் அடிக்கிறாள், எனக்கில்லை, அதில் ஆட்சேபம் சொல்ல முடியாது. மூன்று மணிக்கு டாலிகஞ்ச் பக்கம் வானம் கன்னங்கரேலென்று ஆயிற்று. கால்போய்ஷாகி, சித்திரைக்கு வரவேண்டிய காற்று, இப்போதே வந்துவிட்டது. நான் எழுந்திருக்க முயற்சி பண்ணுகிறேன், வலது முழங்கால் வரமாட்டேன் என்கிறது, வேஷ்டியின் ஒரு முனை பறக்கிறது. அதற்குள் இந்த எண்பத்தொரு வயசுக்காரி ஓடி வந்து அந்த முனையை மிதித்து, இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டாள். நான் மற்ற இரண்டு மூலையைப் பிடித்தேன். நடுவில் எட்டு வரிசை ஈர வடாம் தொங்க, பல்லக்குத் தூக்குகிற மாதிரி இரண்டு பேரும் படிக்கட்டுக்கு ஓடினோம், ஓடினோம் என்றால் எங்கள் ஓட்டம். கதவுக்கு உள்ளே வந்ததும் மேலே மழை சடசடவென்று கொட்டியது. ஒன்றுகூட நனையவில்லை. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறது. நான் வாயைத் திறந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவள் கையில் வேஷ்டி மூலை இருக்கும்போதே ஒரு விரலை எடுத்து உதட்டில் வைத்து, கண்ணால் கீழே தன் வீட்டுக் கதவைக் காட்டினாள். உள்ளே பிள்ளை போனில் பேசுகிற சத்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. சத்தம் வராமல், வயிற்றைப் பிடித்துக்கொள்ளக் கையும் இல்லாமல், வேஷ்டி குலுங்கக் குலுங்க அந்தப் படிக்கட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவும் முடியவில்லை, வடாத்தில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

இன்னும் பத்து நாள். பஞ்சாங்கத்தில் மார்ச் இருபத்தேழைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். நீயும் அதுவரைக்கும் வாயைக் கட்டிக்கொள், பேஸ்புக்கில் அம்மா ஜெயித்தாள் என்று போட்டோவும் போடாதே. அக்ஷய்க்குத் தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர்க் குளிருக்கு மிளகு ரசம் வாரம் இரண்டு நாளாவது பண்ணு. மாப்பிள்ளை பர்மிஷன் கேட்கிற சுபாவம், உன் அப்பா மாதிரி, அவரை எதிலும் தனியாகக் கையெழுத்துப் போட விடாதே. நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக, வெயில் படும் வீட்டில், ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு நன்றாயிருக்க ஆசீர்வாதம். உனக்கு இரண்டு கிலோ வடாம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், மே மாதம் யார் வருகிறார்களோ அவர்கள் பெட்டியில் இடம் சொல்லி வை.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டிருக்கும் உன் அம்மா,
விஜயலக்ஷ்மி சந்தானம்